பழி வாங்க மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள்

(ஆண்டு விழாவில் பேசியது)



பக்தியைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் கான் அப்துல் கபார் கானைப் பத்திச் சொல்றேன். எல்லை காந்தி என்றால் பெரியவங்களுக்குத் தெரியும்.

பெஷாவர் பக்கம் உத்மான்சாய் ஊர்க்காரர். பட்டாணியர். அந்தச் சனங்களிடம் ‘பதல்’ என்று ஒரு வழக்கம். நம்ம வீட்டு ஆளைக் கொன்னா, அவன் வீட்டு ஆளைக் கொல்லணும். அப்பன் முடிக்காததை மகன் முடிக்கணும். இதில் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்து உட்கார்ந்தது யாரு? பொம்பளைங்கதான்.

1929-ல் அவர் ‘குதாய் கித்மத்கார்’, அதாவது கடவுளின் ஊழியர்கள் என்று ஒரு படை சேர்த்தார். கடவுளுக்கு நம்ம ஊழியம் எதுக்கு? அவர் படைச்ச சனங்களுக்குச் செய்வதே அவருக்குச் செய்வது என்பது அவங்க கொள்கை. சேர்றவங்க சத்தியம் பண்ணணும். அடிக்க மாட்டேன், பழி வாங்க மாட்டேன், கொடுமை செய்தவனை மன்னிப்பேன், தினம் ரெண்டு மணி நேரம் பொது வேலை செய்வேன். (நம்ம குழுத் தீர்மானம் மாதிரியே இருக்கு இல்ல?) வெள்ளைச் சட்டை சீக்கிரம் அழுக்காகுதுன்னு சிவப்புச் சாயம் போட்டாங்க. செஞ்சட்டைக்காரங்கன்னே பேராச்சு.

நபிகள் மெக்காவில் அத்தனை துன்பத்தையும் பொறுமையாகத் தாங்கினாரே, அந்தப் பொறுமைதான் நம்ம ஆயுதம் என்று தன் மார்க்கத்திலிருந்தே எடுத்துச் சொன்னார். எனக்கு அதுதான் பிடிச்சது. தன் சாமியை விட்டுட்டு அவர் எங்கேயும் போகலை.

1930 ஏப்ரல் 23-ல் அவரைக் கைது செய்தாங்க. பெஷாவர் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் கூடின சனத்தை வெள்ளைக்காரன் படை சுட்டது. பல பேர் செத்தாங்க. ஆயுதமில்லாத சனத்தைச் சுட மாட்டோம்னு கார்வால் சிப்பாய்கள் மறுத்துட்டாங்க. அவங்க இந்துக்கள், எதிரே நின்ற சனம் முஸ்லிம்கள். சந்திர சிங் கார்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைச்சது. அத்தனைக்குப் பிறகும் செஞ்சட்டைக்காரங்க துப்பாக்கியைத் தேடிப் போகலை. படையில் இன்னும் ஆள் சேர்ந்தாங்க.

பயந்தவங்கன்னு நினைக்காதீங்க. வீட்டில் துப்பாக்கி உண்டு, சுடவும் தெரியும்.

போன கொடையில் ஆம்பளைங்க அடிச்சுக்கிட்டாங்க. அந்த ரெண்டு வீட்டு அக்காமாரும் ஒரே குழு. நாலு மாசமா ஒருத்தர் கையெழுத்துக்கு வரலை, கடன் மனு அப்படியே கிடக்கு. ரெண்டு பேரும் இங்கேதான் இருக்கீங்க. பேர் சொல்ல மாட்டேன். மதியப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை போடச் சொல்லியிருக்கேன். வந்து உட்காருங்க.