முதலிடம் விலைக்கு வருமா?

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பலகாரக் கடை நடத்தும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் சில காலத்துக்கு முன் எம்மிடம் வந்தார். “அண்ணை, மாதந்தோறும் பணம் தந்தால் தேடுபொறியில் எங்கள் கடைக்கு முதலிடம் நிச்சயம் என்கிறார் ஒருவர். அம்மாவின் நகையை அடகு வைத்தாவது கொடுக்கலாமா?” என்று கேட்டார். அக்கேள்விக்கான விடையே எமது இன்றைய பேச்சு.

முன்னாளிலே சந்தியிற் கடை வைத்தவனுக்கு வியாபாரம் நடந்தது. இந்நாளிலோ பொருள் வாங்குவோர் பலர் முதலிற் கைத்தொலைபேசியிலே தேடுகின்றனர். பட்டியலின் மேலே நிற்பவன் கண்ணிற் படுகின்றான். கீழே நிற்பவன் நல்ல சரக்கு வைத்திருந்தும் காணப்படாமற் போகின்றான். ஆகவே அப்பட்டியல் அமையும் விதத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தேடுபொறியின் வேலை மூன்று படிகளை உடையது. இணைப்புகளின் வழியே பக்கம் பக்கமாகச் சென்று வாசித்தல் முதலாவது. வாசித்தவற்றை நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு போலத் தொகுத்து வைத்தல் இரண்டாவது. கேட்பவரின் கேள்விக்கு ஏற்ற பக்கங்களைத் தரம் பிரித்து அடுக்குதல் மூன்றாவது.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவராயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவர் 1998இல் கூகிள் நிறுவனத்தைத் தொடங்கினர். அறிஞர் பலர் எடுத்துக்காட்டும் நூல் மதிப்புடையதாவது போல, பிற பக்கங்கள் பல சுட்டும் பக்கமும் மதிப்புடையது என்பதே அவர்கள் கொண்ட அடிப்படை. சுட்டுகின்ற பக்கம் எவ்வளவு மதிப்புடையதோ, அதன் சுட்டுதலுக்கும் அவ்வளவு மதிப்பு உண்டு. இன்று இத்துடன் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன.

மதிப்பு உள்ள இடத்திலே போலியும் புகும் அன்றோ? ஜேர்மனியிலே பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் வாசகருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டியமையால், 2006 பெப்ரவரியிற் கூகிளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பிழையைத் திருத்திய பின்பே அது மீண்டும் இடம்பெற்றது. அமெரிக்காவின் ஜே.சி. பெனி என்னும் பெருங்கடை, தொடர்பற்ற தளங்கள் பலவற்றில் இடப்பட்ட இணைப்புகளால் மேலே நின்றது. 2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் இதனை வெளிப்படுத்தவே, கூகிள் அக்கடையைக் கீழே தள்ளியது. அந்த இணைப்புகளைத் தாம் அனுமதிக்கவில்லை என்று கடையினர் கூறினர். ஆயினும் இடம் போனது போனதே. தரகர் செய்த பிழைக்கும் கடைக்காரரே விலை கொடுக்கின்றார் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, முகநூல் முதலிய சமூக ஊடகப் பக்கங்களைப் பார்ப்போம். கடையின் பெயரைக் கொடுத்துத் தேடினால் அப்பக்கமும் பட்டியலில் வரக்கூடும். ஆனால் விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு தரம் பிரிப்பதில்லை எனக் கூகிள் தரப்பினர் 2014இல் விளக்கினர். ஆகவே காசுக்கு வாங்கிய விருப்பங்கள் அங்கே உதவமாட்டா. மேலும், அது வாடகை நிலம் போன்றது. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டபோது அங்கிருந்த பக்கங்கள் யாவும் மறைந்தன. சமூக ஊடகத்தை வாசலாகக் கொள்வோம். வீட்டைச் சொந்தத் தளத்திலே கட்டுவோம்.

அயலிலுள்ள கடைகளைக் காட்டுகையிற் கூகிள் மூன்றினைக் கருதுவதாகக் கூறுகின்றது. கேட்டதற்குப் பொருந்துதல், தூரம், அறியப்பட்ட தன்மை என்பனவே அவை. ஆதலால் கடையின் பெயர், விலாசம், தொலைபேசி எண், திறக்கும் நேரம் ஆகியவற்றைச் சரியாகப் பதிதல் வேண்டும். இப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. வாடிக்கையாளர் எழுதும் உண்மைக் கருத்துகளும் உதவும். உறவினரைக் கொண்டு பொய்க் கருத்து எழுதுவித்தல் தகாது. அமெரிக்காவில் 2024 ஒக்டோபர் முதல் போலிக் கருத்துகளை விற்றலும் வாங்கலும் விதியால் தடுக்கப்பட்டுள்ளன.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம்மவர் பலர் பழகிய பாமினி எழுத்துருவில் உள்ளவை கண்ணுக்குத் தமிழாயினும், கணினிக்குள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளே. யூனிகோட் முறையில் எழுதினாலே தமிழிலே தேடுபவர் நம்மைக் காண்பர். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் இடாமல் எழுத்தாகவும் இடுதல் நன்று.

விளம்பர இடத்தைக் கூகிள் காசுக்கு விற்கின்றது. அது விளம்பரம் என்பதை உணர்த்தும் குறியுடனேயே தோன்றும். மற்றைய வரிசையிலே காசு பெற்று எவரையும் உயர்த்துவதில்லை என்றும், முதலிடத்துக்கு உறுதி தர எவராலும் இயலாது என்றும் அந்நிறுவனமே கூறியுள்ளது. உறுதி தருபவர் எவராயினும் அவரிடம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அந்தப் பிள்ளைக்கும் எடுத்துரைத்தோம். அவர் தரகரை அனுப்பிவிட்டுத் தம் பலகாரங்களின் பெயர், விலை, செய்யும் முறை, கடை திறக்கும் நேரம் ஆகியவற்றைத் தமிழிலே தாமே எழுதிப் பதிந்தார். அவர் முதலிடத்தில் நிற்கின்றார் என்று நாம் சொல்ல வரவில்லை. தேடி வருவோர் சிலர் உளர். அவர்கள் மீண்டும் வருகின்றனர். தாயாரின் நகையும் வீட்டிலேயே இருக்கின்றது.

இளைஞர்களே! கருவி புதியது, வாணிகத்தின் முதல் பழையதாகிய நாணயமே. இக்கலையைக் கற்ற நீங்கள், உங்கள் அயலிலுள்ள ஒரு சிறு கடைக்காரருக்கேனும் இவ்வாண்டில் உதவுவீர்களாக. பெரியோர்களும் அவர்களை ஊக்குவிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம்.