பினாங்குக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

(பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



நீட்டிப் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்தில் காதில் விழும் பேச்சு ஒன்றுதான்: “இந்தத் தடவை பினாங்குக்குப் போவோமா?” அந்தப் பினாங்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சிம்பாங் பூலாய் வழியாக மலை இறங்கி, ஈப்போவைத் தாண்டி வடக்கே போனால் பட்டர்வொர்த். அங்கிருந்து படகில் தீவுக்குப் போகலாம். 1985-இல் திறந்த பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்திலும் போகலாம்.

1786-இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயர் கொடியை ஏற்றிய தீவு அது. நம்மவர்களும் அந்தக் காலத்திலேயே வந்து கடை வைத்தார்கள். சூலியா தெரு என்ற பெயரே அதற்குச் சாட்சி. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் தோன்றியது. குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. இந்தப் பழைய நகரத்தை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது.

தண்ணீர்மலை முருகனைக் கும்பிட ஐந்நூறுக்கு மேல் படி ஏற வேண்டும். கூடை சுமந்து தேயிலை மலை ஏறும் நமக்கு அது ஒரு பெரிய காரியமா? கொடிமலைக்கு 1923-இலேயே ரயில் விட்டார்கள். “அங்கே குளிரும்” என்பார்கள். நம்பாதீர்கள்! அது சுமார் 830 மீட்டர்தான். நம் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். சுவெட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!

பசித்தால் நாசி கண்டார் சாப்பிடுங்கள். தோளில் கட்டை வைத்து, இருபுறமும் பானை தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சோறு அது.

இவையெல்லாம் எல்லாரும் பார்ப்பவை. இன்னும் ஒன்று இருக்கிறது.

பாலத்தில் தீவை நோக்கிப் போகும்போது இடப் பக்கம் பாருங்கள். காடு மூடிய சின்னத் தீவு ஒன்று தெரியும். அதன் பெயர் ஜெரெஜாக். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறைக்கு வந்த தோட்டத் தொழிலாளிகளை அங்கேதான் நிறுத்திவைத்தார்கள். அம்மையும் காலராவும் ஊருக்குள் பரவக் கூடாது என்று நாள் கணக்கில் காவல். தொழுநோயாளிகளை வைத்திருந்ததும் அந்தத் தீவில்தான். 1969 முதல் 1993 வரை அது சிறைச்சாலை.

1938-இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் என் அப்பாயி சிறுமியாக வந்தார். லயத்து வாசலில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டேன்:

“அப்பாயி, கடல் எப்படி இருக்கும்?”

“யாருப்பா பாத்தா? வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன். ஒரு தீவுல எறக்கி விட்டாங்க. தம்பிய அங்கதான் விட்டுட்டு வந்தேன்.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தம்பி அங்கே செத்துப்போனான் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. “அப்பாயி, வேலை கிடைக்கட்டும், உன்னைப் பினாங்குக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிச் சொல்லியே காலத்தைத் தள்ளினேன். 1984-இல் அவர் போய்விட்டார். பாலம் திறந்த பிறகு நான் மட்டும் போனேன். இடப் பக்கம் பார்த்தேன். கும்பிடத் தோன்றியது. என்ன பெயர் சொல்லிக் கும்பிடுவது? அந்தத் தம்பியின் பெயர் எனக்குத் தெரியாது.

மாணவச் செல்வங்களே! கப்பலில் வந்தவர்கள் இன்று அநேகமாக நம்மிடையே இல்லை. அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கொட்டகையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றைக்குப் பரிசாக வாங்கும் நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தைக் கணக்குக்கும் கட்டுரைக்கும் கொடுத்துவிடாதீர்கள். தாத்தா பாட்டியிடம் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்.

பெற்றோர்களே, பினாங்குக்குப் போகும்போது வயதானவர்களை வீட்டுக் காவலுக்கு விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜன்னல் ஓரம், இடப் பக்கம் உட்கார வையுங்கள்.