நர்மதைத் தண்ணீரும் ஆயிரம் ரூபாய்ப் பத்திரமும்



மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரம் மால்வா மேட்டுநிலத்தில் இருக்கிறது. அந்த ஊரின் குடிநீருக்கு ஆதாரமான நர்மதையோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தெற்கே, பள்ளத்தாக்கில் ஓடுகிறது. ஜலூத் என்ற கிராமத்தில் ஆற்றுநீரை இறைத்து, விந்திய மலைச்சரிவில் மேலேற்றித்தான் நகரத்துக்குக் கொண்டுவர வேண்டும். 1970-களின் இறுதியிலிருந்து ராட்சத மோட்டார்கள் இந்த வேலையைச் செய்துவருகின்றன. அவற்றுக்கான மின் கட்டணம் மட்டும் மாதத்துக்குச் சுமார் 25 கோடி ரூபாய் ஆகிவந்தது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துக் கிடைப்பது. ஆக, ஒரு குடம் தண்ணீருக்குப் பின்னாலும் கொஞ்சம் கரிப்புகை இருக்கிறது.

இந்தூர் மாநகராட்சி இதற்கு ஒரு வழி தேடியது. கார்கோன் மாவட்டத்தில் 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைப்பது என்று முடிவானது. பணத்துக்கு என்ன செய்வது? அரசின் மானியத்துக்காகக் காத்திராமல், 2023 பிப்ரவரியில் மாநகராட்சி நேரே மக்களிடம் கடன் கேட்டது. ஒரு பத்திரத்தின் விலை 1,000 ரூபாய். குறைந்தது பத்துப் பத்திரம் வாங்க வேண்டும். ஆண்டு வட்டி 8.25 சதவீதம். 244 கோடி ரூபாய் கேட்ட இடத்தில் 700 கோடிக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. இந்தியாவில் பொதுமக்கள் நேரடியாக வாங்கும்படி விற்கப்பட்ட முதல் நகராட்சிப் பசுமைப் பத்திரம், அதாவது சுற்றுச்சூழல் திட்டத்துக்கான கடன் பத்திரம், இதுதான்.

அதற்கு முன்பே, 2021-இல், உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் 150 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் வெளியிட்டிருந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் திட்டம் அது. ஆனால் அங்கே கடன் கொடுத்தவை நிதி நிறுவனங்கள். சாதாரண மனிதர் அல்லர்.

இந்தூரில் மக்கள் ஏன் நம்பிப் பணம் கொடுத்தார்கள்? வட்டி ஒரு காரணம்தான். நகரம் செய்துகாட்டிய வேலையை அவர்கள் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருந்தார்கள். 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் நாட்டின் தூய்மையான நகரம் என்ற இடத்தை இந்தூர் பிடித்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும் பழக்கம் அங்கே பரவலாக வேரூன்றியது. அந்த மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை 2022-இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 550 டன் கழிவைக் கையாளும் திறன் கொண்டது. அந்த வாயுவில் நகரப் பேருந்துகள் ஓடுகின்றன. குப்பையைப் பிரித்துப் போட்ட இல்லத்தரசி, அதன் பலன் தெருவில் ஓடுவதைப் பார்க்கிறார். அப்படிப்பட்ட ஊர் கடன் கேட்டால் நம்பிக் கொடுக்க மனம் வருகிறது. இந்தூரில் குறைகளே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பருவநிலை மாற்றம் என்ற பெரிய பேச்சை, மின் கட்டணம், குப்பைத்தொட்டி, சேமிப்புப் பணம் என்று வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த ஊர் அது.

ஒரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். சூரிய மின்நிலையம் மின் கட்டணத்தைக் குறைக்கும். மிச்சமாகும் பணத்தில் கடனை அடைக்கலாம். ஆனால் நகரங்களுக்குத் தேவையான இன்னொரு பணியான வெள்ள வடிகால் அப்படிச் சம்பாதிப்பதில்லை. அது இழப்பைத் தடுக்கிறது, அவ்வளவுதான். மூழ்காத வீட்டுக்கும் நனையாத கடைச் சரக்குக்கும் யார் ரசீது போடுவார்கள்? அதனால் வடிகாலுக்கு வாங்கும் கடன் கடைசியில் சொத்துவரியிலிருந்துதான் அடைபடும். வரியைச் சரியாக வசூலித்து, கணக்கை ஒளிவுமறைவின்றி வைக்கும் நகரத்துக்கே அது முடியும்.

சென்னைக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்த நகரம் மறக்கவில்லை. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில், திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கங்களில் மழைநீர் வடிகால் அமைக்க, சென்னை மாநகராட்சி 2025-இல் 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. தேசியப் பங்குச் சந்தையில் அது பட்டியலிடப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் அதை வாங்கியவர்கள் முதலீட்டு நிறுவனங்களே. முழங்கால் தண்ணீரில் நின்ற மணலிவாசிக்கு அதில் ஆயிரம் ரூபாய் போடும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அடுத்த பத்திரத்தில் ஒரு பங்கையாவது மக்களுக்கு ஒதுக்க வேண்டும். தன் பணம் போட்டவர், வடிகாலில் அடைப்பு இருந்தால் கேள்வி கேட்காமல் இருக்கமாட்டார்.

பத்திரம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழக நகரங்களில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்கு நேயர்கள் அவசியம் போக வேண்டும். நம் ஊரில் தண்ணீர் இறைக்கவும் தெருவிளக்கு எரிக்கவும் ஆண்டுக்கு எத்தனை ரூபாய் மின் கட்டணம் ஆகிறது, அதில் எவ்வளவைச் சூரிய ஒளிக்கு மாற்ற முடியும் என்று அங்கே கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.