ஆவி என்னும் சொல்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிட்’ என்று ஒரு சொல் உண்டு. மூச்சு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் அதற்கு ஈடாக நாம் வழங்கும் ‘ஆவி’யும் அத்தகையதே. உலைப்பானையில் எழுவது ஆவி, உடலில் உலவும் மூச்சும் ஆவி, உயிரும் ஆவி, பேயென்று அஞ்சப்படுவதும் ஆவி, கிறித்தவர் வணங்கும் பரிசுத்த ஆவிக்கும் அச்சொல்லே. கண்ணுக்குப் புலப்படாது நின்று இயக்குபவற்றை மனிதன் மூச்சின் பெயரால் அழைத்தான் எனலாம்.

இப்பொருள்களுள் இரண்டு நம் குடும்பங்களைக் கெடுத்தன. ஒன்று பேய். காய்ச்சல் கண்ட குழந்தையை மருத்துவரிடம் காட்டாது, மந்திரித்துக் கயிறு கட்டிக் காலம் போக்கியோர் நம்மிடையே உண்டு. மற்றொன்று சாராயம். கொதிக்கும் ஊறலிலிருந்து ஆவியாக எழுந்து, குளிர்ந்து வடியும் அதற்கும் ஆங்கிலத்தில் ‘ஸ்பிரிட்’ என்றே பெயர். 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலி வேலை செய்து பிழைத்தோர் அவருள் பலர். அவர்தம் பிள்ளைகளின் படிப்பை எண்ணிப் பாருங்கள்!

இனி, நாம் கைக்கொள்ள வேண்டிய பொருள் ஒன்று உண்டு. சட்டத்திற்கு எழுத்தும் உண்டு, ‘ஸ்பிரிட்’ என்னும் உட்கருத்தும் உண்டு என்பர் சட்டம் கற்றோர். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதனைக் குற்றமாக்கித் தண்டிக்க 1955இல் ஒரு சட்டமும், வன்கொடுமைகளைத் தடுக்க 1989இல் மற்றொரு சட்டமும் வந்தன. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையை அகற்றிவிட்டு, நமக்கு மட்டும் காகிதக் குவளையை நீட்டுவோன் எழுத்திலிருந்து தப்ப நினைக்கிறான். எவ்வடிவிலும் தீண்டாமை கூடாது என்று அப்பிரிவு உரைப்பது இத்தகையோரை நினைத்தே போலும்! அரசியலமைப்பின் நன்மை தீமை அதனை இயக்குவோரைப் பொறுத்தது என்று 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எச்சரித்ததும் இதனாலன்றோ?

அந்த அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்ப்போம். சங்கத்தின் விதிகளும் பதிவேடுகளும் எழுத்து. உதவித்தொகை பெற்றுப் படித்துப் பணியில் அமர்ந்தவர், விழா நாளில் மட்டும் வந்து கைதட்டிச் சென்றால் அவ்வெழுத்து மட்டுமே எஞ்சும். ஆதலால் ஒன்று வேண்டுகிறேன். வேலையில் உள்ள ஒவ்வொருவரும் தம் தெருவில் பத்தாம் வகுப்பு பயிலும் ஒரு பிள்ளையின் படிப்புக்கு இவ்வாண்டு பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் உடனிருந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுங்கள். சங்கத்தின் ஆவி அங்கேதான் உலவும்.