கெலவரப்பள்ளி நுரை யார் கணக்கு?

(ஓசூர் சுற்றுச்சூழல் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழை பேஞ்சு கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்பெண்ணை மேல வெள்ளை நுரை மலை மாதிரி எழும்பும். நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலமே தெரியாம மூடின நாளும் உண்டு. நாத்தம் வேற. வெளியூர்க்காரங்க செல்பி எடுக்குறாங்க. நம்ம விவசாயி அந்தத் தண்ணியைத்தான் வயலுக்குப் பாய்ச்சுறார்.

நந்தி மலையில் பிறக்கும்போது ஆறு சுத்தமாத்தான் பிறக்குது. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியா வரும் சாக்கடையும் ஆலைக்கழிவும் அதில் சேருது. பெல்லந்தூர் ஏரி 2015-லயும் 2017-லயும் தீப்பிடிச்சே எரிஞ்சது. ஏரி எரியுது, தோழர்களே!

நம்ம வாழ்க்கைமுறை பூமியை எவ்வளவு தின்னுதுன்னு அளக்க ஒரு கணக்கு இருக்கு. 1990-களில் கனடாவில் வில்லியம் ரீஸ், மத்தீஸ் வேக்கர்நாகல் என்ற இருவர் உருவாக்கிய 'சூழலியல் காலடித்தடம்'. நாம தின்னுற சோறு, உடுத்துற துணி, ஓட்டுற வண்டி எல்லாத்துக்கும் எவ்வளவு நிலமும் கடலும் வேணும், அதுக்காக விடுற கரியமில வாயுவை உறிஞ்ச எவ்வளவு காடு வேணும் என்று ஏக்கர் கணக்கில் சொல்லிவிடும். இன்றைய பூமியில் ஆளுக்குச் சுமார் 4 ஏக்கர்தான் இருக்கு. உலக சராசரி 6 ஏக்கரைத் தாண்டிடுச்சு. அமெரிக்கர் 17 ஏக்கர் வாக்கில். இந்தியர் 3 ஏக்கர் அளவில்தான்.

இதில் எனக்குப் பிடிச்ச நியாயம் ஒண்ணு உண்டு. சிப்காட்டில் செய்த வண்டி டெல்லியில் ஓடினால், அதைச் செய்ய ஆன கரி, வாங்கியவர் கணக்கில்தான் ஏறும். செய்து கொடுத்த ஓசூர்க்காரன் தலையில் கட்ட மாட்டார்கள்.

ஆனா ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. கழிவுநீரின் நஞ்சை அந்தக் கணக்கு அளக்காது. லட்சக்கணக்கான வீட்டு சோப்புத் தண்ணி நம்ம ஆத்தில் நுரையா நிக்குதே, அது யார் ஏட்டிலும் இல்லை! பெங்களூருக்காரர் கணக்கிலும் இல்லை, நம்ம கணக்கிலும் இல்லை. அனுபவிக்கிறது மட்டும் நாம.

பெங்களூரு மக்கள் நமக்குப் பகையாளி இல்லை. நம்ம பிள்ளைங்க தினமும் பஸ் ஏறி அங்கதான் வேலைக்குப் போகுது. நம்ம வீட்டு பாத்ரூம் தண்ணியும் எந்த ஏரியில் போய் விழுதுன்னு நாமளும் கேட்டுப் பார்க்கணும்.

நாம கேட்பது இதுதான். ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் கொடியாளத்தில் எடுக்கிற தண்ணீர்ப் பரிசோதனை முடிவை, மாதாமாதம், தமிழில், கரையோர ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்டுங்கள். அணைக்குக் கீழே எடுத்த முடிவையும் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எல்லையில் எவ்வளவு வந்தது, ஓசூர் எவ்வளவு சேர்த்தது என்று விவசாயியே படிச்சுக்கட்டும்.

#தென்பெண்ணை #கெலவரப்பள்ளி #ஓசூர்