கேட்டவர்கள் பேச வேண்டும்



ரே பிராட்பரி எழுதி 1953இல் வெளிவந்த நாவல் 'ஃபாரன்ஹீட் 451'. வெ. ஸ்ரீராம் அதைத் தமிழில் தந்திருக்கிறார். புத்தகம் வைத்திருப்பதே குற்றமாகிவிட்ட ஒரு நாடு. தீயை அணைக்க வேண்டியவர்களே வீடு வீடாகப் போய்ப் புத்தகங்களுக்குத் தீ வைக்கிற ஒரு காலம். இந்தக் கதையை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டால் என்ன நடக்கும்? விடை நாவலுக்குள்ளேயே இருக்கிறது.

மோன்டாக் என்ற அந்தத் தீ வைப்பவன், ஒருநாள் தன் மனைவியின் தோழிகளுக்கு ஒரு கவிதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறான். கேட்ட ஒருத்தி காரணம் சொல்லத் தெரியாமல் தேம்பி அழுகிறாள். கணவன் போருக்குப் போனதைக்கூடப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டிருந்தவள் அவள். இன்னொருத்திக்குக் கோபம் பொங்குகிறது. இப்படி மனத்தைக் கலக்குவதற்குத்தான் கவிதையா என்று சீறிவிட்டு வெளியேறுகிறாள். பிறகு என்ன? புகார் போகிறது, வாசித்தவன் வீட்டு வாசலுக்கே தீ வண்டி வந்து நிற்கிறது.

நண்பர்களே, அழுதவளும் உண்மையாகக் கேட்டாள்; கோபப்பட்டவளும் உண்மையாகக் கேட்டாள். அந்த வீட்டில் கேட்காமல் இருந்தவள் மோன்டாக்கின் மனைவிதான். இரவும் பகலும் காதுக்குள் சிறு வானொலியைச் செருகிக்கொண்டு, பக்கத்தில் படுத்திருக்கும் கணவனின் குரல்கூட எட்டாமல் கிடப்பவள் அவள். இன்று பேருந்தில் ஏறினால் நாம் காண்கிற காட்சியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பிராட்பரி எழுதிவிட்டார். அந்த நாட்டில் அரசாங்கம் தீ வைப்பதற்கு முன்பே மக்கள் வாசிப்பைக் கைவிட்டுவிட்டார்கள் என்கிறார். நெஞ்சைச் சுடுவது அதுதான்.

இதனால், காதில் செருகிக் கேட்கும் ஒலிநூலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்வையற்ற தம்பிக்கும், கண் மங்கிய பாட்டிக்கும் அது பெருங்கொடை. ஆனால், கேட்டதைக் காதோடு வைத்துப் பூட்டிவிடக் கூடாது. கேட்டவர் வாய் திறந்து பேச வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

இதை உலகத்துக்குச் சொல்லும் தகுதி நம் மண்ணுக்கு உண்டு. இதோ, நம் தென்காசி மாவட்டத்தில், கூப்பிடு தூரத்துக் குற்றாலத்தில்தான், கம்பன் கவிதையில் தோய்ந்த ரசிகமணி டி.கே.சி. தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்தார். நெல்லையில் தம் வீட்டு முற்றத்தில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தில் அவர் வளர்த்த பழக்கம் குற்றாலத்துக்கும் வந்தது. கம்பன் பாட்டை நிறுத்தி, நிதானமாகச் சொல்வார். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள், வியப்பார்கள், விவாதிப்பார்கள். ராஜாஜியும் கல்கியும் அந்த விருந்துக்கு வந்தவர்கள். அருவியில் குளிக்க வந்த ஊருக்குக் கவிதையில் குளிக்கவும் ஆள் வந்த காலம் அது. அங்கே பாடுபவருக்கு இருந்த மதிப்பு கேட்பவருக்கும் இருந்தது.

படித்தவர் வீட்டு முற்றத்துக்கு மட்டும் உரியது இது என்று நினைக்காதீர்கள். 1865இல் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிலாளர்கள், வேலை நேரத்தில் உரக்க வாசிப்பதற்கென்றே ஓர் ஆளை அமர்த்தினார்கள். கூலியைத் தங்கள் சம்பளத்திலிருந்தே கொடுத்தார்கள். கை இலையைச் சுருட்டும். காது நாவலைக் கேட்கும். மறு ஆண்டே அரசு அதற்குத் தடை போட்டது. ஏன்? கேட்ட தொழிலாளி பேசத் தொடங்கினான். பேசியவன் சிந்திக்கத் தொடங்கினான். நம் தென்காசி மாவட்டத்தில் வீட்டுத் திண்ணைதோறும் பீடி சுற்றும் தாய்மார்கள் இருக்கிறார்களே, மடியில் தட்டும் கையில் நூலுமாக நாளெல்லாம் குனிந்திருக்கும் அவர்களுக்கு வாசித்துக் காட்ட நாம் யாரை அனுப்பினோம்?

புத்தகத்துக்குத் தீ வைப்பது எங்கோ நடக்கும் கற்பனைக் கதை என்று தமிழன் மட்டும் சொல்ல முடியாது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. பிராட்பரி கற்பனையில் கண்ட தீயைத் தமிழினம் கண்ணால் கண்டது. நாவலின் முடிவில், ஊரை விட்டு ஓடிய சிலர் ஆளுக்கொரு நூலை மனத்தில் ஏந்தி நடக்கிறார்கள். நாளை தம் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை நாம் கையில் எடுக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மாலை, நம் ஊர் நூலகத்திலோ, பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ, பீடி சுற்றும் ஒரு திண்ணையிலோ கூடுங்கள். ஒருவர் அரை மணி நேரம் வாசிக்கட்டும். அடுத்த அரை மணி நேரம் கேட்டவர்களுக்கு. அழுகை வந்தால் அழட்டும், கோபம் வந்தால் சண்டை போடட்டும், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லட்டும். முதல் நூலாக 'ஃபாரன்ஹீட் 451' இருக்கட்டும். வாசிக்க முன்வருகிறவர்கள் இன்றே, இந்த மேடைக்கு வந்து பெயர் கொடுங்கள்.