“இன்னும்” என்ற சொல்லும் ஆங்கிலக் கடிதமும்

(மாலை ஆங்கில வகுப்பில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆற்றிய பேச்சு)



நாங்கள் இன்றைக்குப் பெரிய இலக்கணம் பேச வரவில்லை. நாங்களே விட்ட ஒரு பிழையைச் சொல்ல வந்திருக்கிறோம்.

55 வயது கடந்து வேலையை விட்ட ஓர் ஐயா, ஊழியர் சேமலாப நிதிக் காசுக்காக ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். “நான் இப்ப வேலை செய்யிறதில்ல” என்பதை நாங்கள் ‘நொட் வேர்க்கிங் யெட்’ என்று எழுதிவிட்டோம். அதற்கு “இன்னும் வேலை தொடங்கவில்லை” என்றுதான் அர்த்தம்! விளக்கம் கேட்டுக் கடிதம் திரும்பி வந்தது. ‘நோ லோங்கர் வேர்க்கிங்’ என்று எழுதியிருக்க வேண்டும். முன்பு செய்தார், இப்போது இல்லை என்பது அதன் பொருள். எங்கள் ஒரு சொல்லால் அந்த மனுஷன் தன் உழைப்புக் காசுக்கு மேலும் காத்துக் கிடந்தார்.

ஏன் இப்படிக் குழம்புகிறது? தமிழில் “இன்னும்” என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கொழுந்து லொறியை வைத்துப் பாருங்கள். “லொறி வந்துருச்சா?” என்று கேட்கிறோம்.

‘நொட் யெட்’ என்றால், வரல்ல, ஆனால் வரும். கோபம் இல்லாத பேச்சு.

‘இட் ஸ்டில் ஹேஸ்ன்ட் கம்’ என்றால், காத்துக் காத்துப் பொறுமை போச்சு.

‘இட் ஹேஸ் ஆல்ரெடி கம்’ என்றால், நாம நினைச்சதுக்கு முந்தியே வந்தாச்சு.

எங்கே வைப்பது? ‘யெட்’ பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் வரும். இல்லை என்று சொல்லும்போதும் கேள்வி கேட்கும்போதும் பொருந்தும். ‘ஸ்டில்’ இல்லை என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும்.

நடந்துகொண்டே இருப்பதற்கும் ‘ஸ்டில்’தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால் டொக்டரிடம் ‘ஸ்டில் ஹேஸ் ஃபீவர்’ என்று சொல்லுங்கள். அங்கே ‘யெட்’ போட வேண்டாம்.

அலுவலகத்துக்கு முதல் கடிதம் எழுதும்போது ‘நொட் ரிசீவ்ட் யெட்’ போதும். அது மரியாதையாக இருக்கும். பல மாதம் போன பிறகு ‘ஸ்டில்’ போடுங்கள். அது முறைப்பாடு என்று அவர்களுக்கு விளங்கும்.

பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அந்தக் காரியம் தொடங்கவில்லையா, நடக்கிறதா, முடிந்துவிட்டதா? பதில் தெரிந்தால் சொல்லும் தெரியும்.